அடுத்த அடிக்கு வெளிச்சம்



"ஆண்டவர் வழிநடத்துவார்" என்று நாம் அடிக்கடி சொல்வோம். பரீட்சைக்குப் போகும்போது சொல்வோம். அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது சொல்வோம். புது வருஷ ராத்திரி ஆராதனையில் வாக்குத்தத்த அட்டையைக் கையில் வாங்கும்போதும் சொல்வோம். சரி, எப்படி வழிநடத்துவார்? அது அவர் காட்டுகிற வழிதான் என்று நமக்கு எப்படித் தெரியும்? பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அந்த வாரம், இந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை.

விஷயம் இதுதான். "கம்ப்யூட்டர் குரூப் எடுக்கச் சொல்லு. இன்ஜினியரிங் சேர்ந்தா ஃபீஸ் நான் கட்டுதேன்" என்று மாமா அம்மாவிடம் சொல்லிவிட்டார். அம்மாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அப்பா வெளிநாட்டில் இருந்து அனுப்புகிற பணம் வீட்டுக் கடனுக்கே சரியாகப் போய்விடும். எனக்கோ நர்சிங் படிக்க ஆசை. மாமா சொன்னதை மறுத்தால் அந்த உதவி போய்விடும். என் மனசில் இருப்பது வெறும் ஆசையா, ஆண்டவருடைய சித்தமா?

ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். "ரெண்டு சீட்டு எழுதிப் போட்டு ஒண்ணை எடு" என்றாள் ஒரு தோழி. "கண்ணை மூடி பைபிளைத் திறந்து விரலை வை, வருகிற வசனம்தான் பதில்" என்றாள் இன்னொருத்தி. எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்கள் ஓய்வுநாள் பள்ளி டீச்சரிடம் கேட்டேன். "கிதியோன் ஆட்டுத்தோலைப் போட்டு அடையாளம் கேட்டானே டீச்சர், நானும் அப்படிக் கேட்கலாமா?"

டீச்சர் சிரித்தார். "அவன் என்ன செய்யணும்னு ஆண்டவர் முன்னாடியே சொல்லிட்டாரும்மா. அவனுக்குக் குறைஞ்சது வழி இல்ல, தைரியம். நீ போய் சாமுவேல், எலியா, பவுல் மூணு பேரையும் நிதானமா வாசி. அப்புறம் வா" என்றார்.

வாசித்தேன். எனக்குக் கிடைத்தது இது:

1. சாமுவேல்: ராத்திரியில் யாரோ கூப்பிடுகிற சத்தம் கேட்டு, ஏலி கூப்பிடுகிறார் என்று மூன்று தடவை அவரிடம் ஓடினான். அது ஆண்டவர் குரல் என்று கண்டுபிடித்தது வயதான ஏலிதான். அப்படியென்றால், பெரியவர்கள் துணை இல்லாமல் நமக்கு அந்தக் குரல் பிடிபடுவது கஷ்டம்.

2. எலியா: பெருங்காற்று வந்தது, பூமி அதிர்ந்தது, நெருப்பு வந்தது. எதிலும் ஆண்டவர் இல்லை. கடைசியில் மெல்லிய சத்தத்தில் பேசினார். நாம் எப்போதும் அதிர்ச்சியான அடையாளத்தையே தேடினால் இந்த மெல்லிய சத்தம் காதில் விழாது.

3. பவுல்: ஆசியாவில் பிரசங்கிக்க நினைத்தார், தடை. பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார், அங்கேயும் தடை. துரோவாவுக்கு வந்த பிறகுதான் மக்கெதோனியாக்காரன் ஒருவன் உதவிக்கு அழைப்பதுபோல் தரிசனம் கண்டார். உடனே புறப்பட்டார். போன இடத்தில் என்ன கிடைத்தது? பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலை! ஆக, வழி சரி என்பதற்காகப் பாதை சுகமாக இருக்கும் என்று அர்த்தம் இல்லை.

பவுலுக்கு வந்தது உதவி கேட்கிற ஒரு மனுஷனின் குரல். இதை வாசித்தபோது எனக்கு டாக்டர் ஐடா ஸ்கடர் ஞாபகம் வந்தார். 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தாவும் அப்பாவும் மிஷனெரி டாக்டர்கள். ஆனால் அவருக்கு இங்கே ஊழியம் செய்ய விருப்பமே இல்லை. அமெரிக்காவில் வாழத்தான் ஆசை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பதால் திண்டிவனத்துக்கு வந்தார். ஒருநாள் ராத்திரி, ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆண்கள் வீடு தேடி வந்தார்கள். மூன்று பேர் மனைவிக்கும் கஷ்டமான பிரசவம். "எங்க அப்பா டாக்டர், அவரைக் கூட்டிப் போங்கள்" என்றார் ஐடா. ஆண் டாக்டர் பார்க்கக் கூடாது என்று மூன்று பேரும் திரும்பிப் போனார்கள். விடிந்ததும் செய்தி வந்தது. மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

அன்று வானத்தில் இருந்து குரல் கேட்கவில்லை. மூன்று பேர் வாசலில் வந்து நின்றதுதான் அவருக்கு ஆண்டவருடைய அழைப்பு. 1899-இல் டாக்டர் படிப்பை முடித்தார். 1900-இல் வேலூரில் சின்ன அளவில் வைத்தியம் தொடங்கினார். 1902-இல் 40 படுக்கைகளோடு ஒரு மருத்துவமனை வந்தது. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. அதுதான் இன்றைய வேலூர் சி.எம்.சி. அந்த ராத்திரியிலேயே இவ்வளவும் அவருக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: போய் டாக்டருக்குப் படிக்க வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறேன். எங்கள் ஆச்சி பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். முதுகில் புண் வந்துவிட்டது. கட்டுப் போட வந்த நர்சம்மா, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆச்சியைப் புரட்டிப் படுக்க வைக்க எனக்குச் சொல்லிக் கொடுத்தார். ராத்திரி முறை அம்மாவும் நானும் மாறி மாறி. மெல்ல மெல்லப் புண் ஆறியது. அதைப் பார்த்த பக்கத்துத் தெரு அக்கா, "ஏ பிள்ள, எங்க அத்தைக்கும் இப்படித்தான் இருக்கு. ஒரு எட்டு வந்து எப்படின்னு காமிச்சுத் தாயேன்" என்று கூப்பிட்டார். போனேன். நர்சம்மாவை அங்கேயும் கூட்டிப் போனேன். பிறகு இன்னொரு வீட்டில் இருந்தும் ஆள் வந்தது. ஐடா அம்மையாரோடு என்னை ஒப்பிடவில்லை தோழர்களே! ஆனால் எங்கள் வீட்டு வாசலிலும் யாரோ வந்து நிற்கிறார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

இதை எங்கள் சபை ஐயரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னதை நான் மறக்க மாட்டேன். "நல்லா ஜெபம் பண்ணு. ஆனா 'ஆண்டவர் சொல்லிட்டார்'னு சொல்லி அம்மா வாயை அடைச்சிராத. அந்த வார்த்தையைச் சொல்லிட்டா அப்புறம் யாராலும் உன்கிட்ட பேச முடியாது. ஆண்டவர் அம்மா மூலமாவும் பேசுவாரு இல்லையா?"

அன்று ராத்திரி ஆச்சியைப் புரட்டிப் படுக்க வைத்த பிறகு அம்மாவிடம் பேசினேன். ஆண்டவர் சொன்னார் என்று சொல்லவில்லை. என் மனசில் உள்ளதைச் சொன்னேன். அம்மா பயத்தைச் சொன்னார். "ராத்திரி டியூட்டி, தூர ஊரு... ஃபீஸுக்கு யாருகிட்ட போய் நிப்போம்?" நியாயமான பயம்தான். ரொம்ப நேரம் கழித்து, "ஆச்சி என்னைவிட உன்னைத்தான் தேடுதா. அது எனக்கும் தெரியும் மக்கா" என்றார். மறுநாள் அப்பாவும் போனில் பேசினார். கடைசியில் கணக்கும் உயிரியலும் சேர்ந்த குரூப்பில் சேர்ந்தேன். பாடம் அதிகம்தான். ஆனால் இரண்டு பக்கமும் கதவு திறந்திருக்கிறது. மாமா ஒரு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. கோயில் அசனத்துக்கு வந்தபோது, "எப்படிப் படிக்க?" என்று மட்டும் கேட்டார். ஃபீஸ் பற்றிப் பேச்சு இல்லை. அதற்கு என்ன வழி என்று இன்னும் எனக்குத் தெரியாது.

ஆனால் பயம் குறைந்திருக்கிறது. சங்கீதக்காரன் வேதவசனத்தைக் காலுக்கு விளக்காகப் பாடியிருக்கிறான். காலுக்கு விளக்கு என்றால் எவ்வளவு தூரம் தெரியும்? கரண்ட் போன ராத்திரியில் டார்ச் லைட்டோடு நடந்து பாருங்கள். நாலு அடிதான் தெரியும். முழுப் பாதையும் தெரிந்தால்தான் நடப்பேன் என்று நின்றால், அந்த நாலு அடியோடு சரி. நடந்தால் வெளிச்சமும் கூடவே நகரும்!

என் வகுப்பில் கோயிலுக்குப் போகிற தோழியும் உண்டு, தொழுகைக்குப் போகிற தோழியும் உண்டு. அவர்களும் இதே கேள்வியோடுதான் இருக்கிறார்கள். எல்லாருக்கும் நான் சொல்ல நினைப்பது இதுதான். வேதத்தைத் தினமும் வாசிப்போம், ஜெபிப்போம், பெரியவர்களிடம் மனம் திறந்து பேசுவோம். நமக்கு மட்டும் லாபம் தருகிற குரலைக் கொஞ்சம் சந்தேகப்படுவோம். உதவி கேட்டு வருகிறவர்களின் குரலைக் கவனமாகக் கேட்போம்.



- மாணவி, 11-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு