காரணமின்றி மெலிதல்

ஒருவர் மெலிந்தால் "சீனி வருத்தமோ?" என்று கேட்போம், அல்லது "உடம்பு இறங்கி இளமையாகிவிட்டீர்கள்" என்று பாராட்டுவோம். உடல் கடிக்கிறது என்றால் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசச் சொல்வோம். இரண்டும் ஒருவரிடமே சேர்ந்து தோன்றினால் அதனைப் பொருட்படுத்துவோர் குறைவு.

என்னுடன் பணியாற்றிய ஒப்புநோக்குநர் ஒருவருக்கு இவ்விரண்டும் இருந்தன. தோலில் தடிப்பேதும் இல்லை. ஆயினும் இரவெல்லாம் சொறிந்தார். இடுப்புப் பட்டியில் புதிய துளைகள் இட்டுக்கொண்டார். பல மாதங்கள் களிம்பு பூசிய பின்னரே கழுத்தில் நோவற்ற கட்டியொன்று தென்பட்டது. ஹொட்ஜ்கின் நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள்.

1832இல் இலண்டன் கைஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த தோமஸ் ஹொட்ஜ்கின் விபரித்த நோய் இது. 6 மாதங்களுள் உடல் நிறை காரணமின்றி 10 வீதத்துக்கு மேல் குறைதல், காய்ச்சல், படுக்கை நனையும் இரவு வியர்வை என்பன இதன் முக்கிய குறிகள். நன்கு குணப்படுத்தக்கூடிய புற்றுநோய்களுள் இதுவும் ஒன்று. நண்பரும் சிகிச்சை பெற்றுத் தேறினார்.

சொறிவோர் அனைவரும் அஞ்சவேண்டியதில்லை. ஈரல், சிறுநீரகம், தைரொயிட் கோளாறுகளாலும் உடல் கடிக்கலாம். எதுவாயினும், காரணமின்றி மெலிபவர் வைத்தியரிடம் இரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டும். கடியை மட்டும் சொன்னால் களிம்பு மட்டுமே கிடைக்கும்.