பௌபஜார்த் தெருவில் ஒரு கணக்கதிகாரி

டல்ஹௌஸி சதுக்கத்திற்கு அருகிலிருந்து சியால்டாவை நோக்கிச் செல்லும் பௌபஜார்த் தெருவிற்கு இன்று பிபின் பிஹாரி காங்குலி தெரு என்று பெயர். அதில் 210-ஆம் எண் மனையில் இப்பொழுது கோயங்கா வணிகக் கல்லூரி உள்ளது. முன்பு அங்கே இருந்தது, டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் நிறுவிய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம்.

நம்மவராகிய சி. வி. ராமன் 1907-ல் நிதி இலாகாவில் உதவி அக்கவுண்டண்ட் ஜெனரலாகக் கல்கத்தா வந்தார். காலையில் அலுவலகத்திற்கு முன்பும் மாலையில் அதற்குப் பின்பும் அவர் ஆராய்ச்சி செய்தது இங்கேதான். கதவைத் திறந்துவிட்டுத் துணை நின்றவர் அசுதோஷ் டே. 1909-ல் ரங்கூனுக்கு மாற்றல். அடுத்த ஆண்டு நாகபுரிக்கு. கணக்குப் புத்தகம் எவ்வூரிலும் ஒன்றே. அந்தக் கதவோ கல்கத்தாவில் மட்டுமே இருந்தது. 1911-ல் திரும்பி வந்தார்.

மீண்டும் உத்தரவு வராது என்று யார் சொல்ல முடியும்? ரயில்வே குமாஸ்தாவான அடியேனும் அவ்வச்சம் அறிந்தவனே; மாற்றல் என்றதும் பிள்ளைகளின் பள்ளிக்கூடந்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. 1917-ல் அவர் உத்தியோகத்தைத் துறந்து, ஏறத்தாழப் பாதி ஊதியத்தில் கல்கத்தா சர்வகலாசாலையின் பாலித் பேராசிரியரானார். நம் வீடுகளில் இதற்கு ஒப்புவார்களோ, அது வேறு விஷயம்!

1928 பிப்ரவரி 28 அன்று ராமன் விளைவு கண்டறியப்பட்டதும் அந்த மனையிலேதான். பிற்காலத்தில் கழகமே ஜாதவ்பூருக்கு மாற்றலாகிப் போயிற்று.