முழங்கைக்கு நாலு அங்குலம் கீழே

அம்மா கேழ்வரகுக் களி கிண்டும்போது பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுக்கக்கூடாது. கொதிக்கிற உலையில் மாவைக் கொட்டி, வெந்து வரும்போது துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து, கட்டி தட்டாமல் சுழற்றிச் சுழற்றிக் கிண்ட வேண்டும். கை மட்டும் செய்கிற வேலையல்ல அது; தோளும் முதுகும் இடுப்பும் சேர்ந்து இறங்க வேண்டும். விறகடுப்புக் காலத்தில் சட்டியைத் தரையில் இறக்கி வைத்து, குனிந்து, உடம்புப் பாரத்தையெல்லாம் துடுப்பின்மேல் போட்டுக் கிண்டுவாள். அப்புறம் மேடை வந்தது, கேஸ் அடுப்பு வந்தது. போன தை மாதம் மாடுலர் கிச்சனும் வந்தது. வந்த முதல் வாரமே எங்கள் வீட்டில் களி நின்றுபோனது.

"முடியல கண்ணு. தோள்பட்டை இத்துப்போவுது" என்றாள்.

நாமக்கல் மாவட்டத்தில், புதன்சந்தைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. சமையலறைக்குச் செலவு செய்வது என்று முடிவானதும் சேலத்துக்குப் போய், கிச்சன் சாமான் மட்டுமே விற்கும் ஒரு பெரிய கடையில் அரை நாள் சுற்றினேன். பொருளைப் பற்றி விசாரிப்பதில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. எங்கள் பக்கம் கரையான் அதிகம். சிங்க்குக்குக் கீழே எப்போதும் ஈரம். எம்.டி.எஃப். பலகை தண்ணீர் பட்டால் ஊறி உப்பிவிடும் என்று தெரிந்து, ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பிளைவுட்தான் வேண்டும் என்று நின்றேன். சிங்க் 304 ரக எவர்சில்வர். அதில் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம் இருக்கும். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டீல் என்று கடைப்பையன் வைத்துக் காட்டினான். மலிவான 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது என்பதால், தகட்டில் அச்சடித்த எண்ணைத் தேடிப் பார்த்துத்தான் வாங்கினேன். 1970-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டிய உருக்காலை இருக்கும் ஊரில் ஸ்டீலில் ஏமாறக்கூடாது என்ற வீம்பு எனக்கு உண்டு.

அளவெடுக்க ஆள் வந்தார். லேசர் கருவியைச் சுவரில் வைத்து 11 அடி, 8 அடி என்று குறித்துக்கொண்டார். ஜன்னலை அளந்தார். பிளக் பாயிண்ட், தண்ணீர்க் குழாய், கேஸ் டியூப் வருகிற ஓட்டை, எல்லாவற்றையும் அளந்தார். அவ்வளவு நேரமும் அம்மா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவளை அவர் அளக்கவில்லை. அளக்கச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

கடைக் கிச்சனின் கணக்கு இப்படி: கீழ்ப்பெட்டி 720 மில்லிமீட்டர், அதற்குக் கால் 150, மேலே கிரானைட் ஒரு 20. ஆக 890, அதாவது 35 அங்குலம். அதன்மேல் அடுப்பு 5 அங்குலம், களிச் சட்டி 8 அங்குலம். தரையிலிருந்து 48 அங்குல உயரத்தில் சட்டியின் வாய். அம்மாவின் உயரம் 4 அடி 10 அங்குலம். சட்டி அவள் தோளுக்கு நேராக நிற்கிறது. துடுப்பைப் பிடித்த கை கண்ணுக்கு நேராகப் போகிறது. அந்த உயரத்தில் உடம்பின் பாரம் எப்படி இறங்கும்? புஜத்தின் பலத்தில் மட்டும் கிண்ட வேண்டியதுதான். அவளுக்கு வயது 67.

இந்த வரிசைக் கிச்சனுக்கெல்லாம் மூலம் ஜெர்மனியில் இருக்கிறது. 1926-ல் பிராங்பர்ட் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண் கட்டடக் கலைஞர் வரைந்தார். சுமார் ஆறேகால் அடி அகலம், பதினொன்றேகால் அடி நீளம் உள்ள சின்ன அறை. பெண்கள் வீணாக நடக்கும் நடையைக் குறைப்பதற்காக காலடிக் கணக்கெல்லாம் பார்த்து, எது எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானித்தார். ஏறத்தாழ 10,000 வீடுகளில் அதைப் பொருத்தினார்கள். அரிசி, சர்க்கரை போன்றவற்றுக்குத் தனித்தனி அலுமினிய இழுப்பறைகள் இருந்தன. நம் அஞ்சறைப்பெட்டியைச் சுவரில் பதித்த மாதிரி. அந்தக் கிச்சனின் படத்தைப் பார்த்தபோது என்னை நிறுத்தியது வேறொன்று. ஜன்னல் வெளிச்சத்தை ஒட்டி ஒரு வேலைப்பலகை, அதற்கு முன்னால் ஏற்றி இறக்கக்கூடிய சுழல் முக்காலி. காய் நறுக்குகிறவர் உட்கார்ந்து நறுக்க வேண்டும் என்று அந்த அம்மாள் நினைத்திருக்கிறார். நூறு வருஷத்தில் பெட்டிகள் கடல் தாண்டி நாமக்கல் வரைக்கும் வந்துவிட்டன. முக்காலி மட்டும் வந்து சேரவில்லை.

அம்மா கேட்ட முதல் கேள்வியும் அதுதான். கடையில் கம்ப்யூட்டர் திரையில் கிச்சனைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார்கள். பார்த்து முடித்துவிட்டு, "நான் எங்க உக்கார்றது?" என்றாள். அரிவாள்மனையைப் போட்டு அவள் உட்காரும் மூலையில் மேற்கூரை வரைக்கும் ஒரு நெட்டைப் பெட்டி நின்றிருந்தது. "இனிமே உக்கார வேண்டாம்மா, நின்னுக்கிட்டே எல்லாம் பண்ணலாம்" என்று அந்தப் பையன் மரியாதையாகத்தான் சொன்னான். நானும் தலையாட்டினேன். இரண்டாவது கேள்வி, "நல்ல தண்ணிக்கு பைப்பு எங்க?" போர்த் தண்ணீர் எங்களுக்கு உப்பு, பாத்திரம் கழுவத்தான் ஆகும். குடிக்கவும் உலை வைக்கவும் காவிரித் தண்ணீர். எங்கள் ஊரில் சிங்க் என்றால் இரண்டு குழாய். படத்தில் ஒன்றுதான் இருந்தது. இரண்டு கேள்வியும் சமைக்கிறவளுக்கு மட்டுமே தோன்றக்கூடியவை. அப்போதே பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்திருக்க வேண்டும்.

களி நின்ற பிறகு கடைக்குப் போன் செய்தேன். எல்லா வீட்டுக்கும் இதுதான் அளவு, மாற்ற முடியாது என்றார்கள். ஆண்டகளூர் கேட்டிலிருந்து ஒரு ஆசாரியைக் கூட்டி வந்தேன். முப்பது வயதுகூட இருக்காது. டேப்பை எடுத்தவர் சுவருக்குப் போகவில்லை.

"ஏனுங்கம்மா, செருப்பில்லாம இப்பிடி நேரா நில்லுங்க. கையை மடக்குங்க."

அம்மா கூச்சத்தோடு நின்றாள். முழங்கைக்குக் கீழே டேப்பை வைத்தார்: 36 அங்குலம். அங்கிருந்து நாலு அங்குலம் கீழே இறங்கி, பென்சிலால் சுவரில் ஒரு கோடு போட்டார். "நறுக்கறது, பெசையறது எல்லாம் இந்த மட்டத்துல இருந்தாத்தான் தோளு தூக்காதுங்கண்ணா" என்றார். எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். அவருடைய அப்பா மாவுப் பலகை செய்யும்போது அளக்கிற அளவாம்.

நாலு பேர் பிடித்துக் கிரானைட்டைத் தூக்கினோம். ஆறு அங்குலக் கால்களைக் கழற்றிவிட்டு மூன்று அங்குலக் கால் போட்டார். மேடை 32 அங்குலத்துக்கு, பென்சில் கோட்டுக்கே, இறங்கி உட்கார்ந்தது. அடுப்பு இருந்த மூன்றடிப் பெட்டியை மொத்தமாக எடுத்துவிட்டு, கொத்தனாரை வைத்து கடப்பாக் கல் நிறுத்தி, இரண்டடி உயரத்தில் ஒரு தாழ்ந்த மேடை கட்டினோம். இப்போது 24, அடுப்பு 5, சட்டி 8: மொத்தம் 37. சட்டியின் வாய் அவள் முழங்கை மட்டத்துக்கு வந்துவிட்டது. அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும் என்பதால், சிலிண்டரை வெளியே புழக்கடையில் ஒரு படி கீழே இறக்கினோம். நெட்டைப் பெட்டி ஹாலுக்குப் போய்ப் புத்தக அலமாரி ஆகிவிட்டது. பிளம்பர் வந்து இரண்டாவது குழாயை வைத்தார்.

கீழ் டிராயர்களில் ஒன்று 30 கிலோ தாங்கும் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். அம்மா அதில் தோசைக்கல்லையும் இரண்டு கல்சட்டிகளையும் வைத்து, ஒரு விரலால் தள்ளிப் பார்த்தாள். சத்தமில்லாமல் உள்ளே போய் மூடிக்கொண்டது. இன்னொரு தடவை இழுத்துவிட்டுத் தள்ளினாள். அந்த டிராயர் அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

வேலை முடிந்த அன்றைக்கே ஆசாரிக்கும் கொத்தனாருக்கும் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். களியும் கீரைக் கடைசலும். புது மேடைமுன் நின்று, கால்களைச் சற்று அகட்டி, துடுப்பை ஊன்றி, அம்மா குனிந்தாள். தோள் இறங்கியது, முதுகு இறங்கியது. நான் ஏதோ கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை.