அண்ணனின் கியூ

சிங்கப்பூரில் வேலை கிடைத்ததும் அண்ணன் தன் ஸ்னூக்கர் கியூவை என்னிடம் விட்டுப் போனார். ஸ்னூக்கருக்கு விதிகள் வகுத்தது 1880களில் நம் ஊட்டி கிளப்பில்தான் என்று எல்லாரிடமும் பெருமையடிப்பவர்.

தீபாவளிக்கு ஒரு மாதம் முன், ஸ்கூடாயில் கார் கதவை மூடும்போது கியூவில் இடித்துவிட்டேன். அரிசி அளவு பள்ளம். கண்ணுக்கு ஒன்றுமில்லை, குறிபார்த்து இழுக்கும்போதெல்லாம் விரலில் தட்டியது. வானொலியில் தினமும் வாய் ஓயாமல் பேசுகிறவளுக்கு, அண்ணனிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை.

உப்புத்தாளால் தேய்க்கப் போனேன். கியூ பழுதுபார்க்கும் அங்கிள் ஒருவர் தடுத்தார். "தேய்ச்சா தண்டு இளைச்சிடும்மா. அங்க மரம் குறையல, அமுங்கிக் கிடக்கு."

பள்ளத்தின்மேல் மட்டும் ஈரத்துணி வைத்து, சூடான இஸ்திரிப்பெட்டி முனையால் சில வினாடி தொட வேண்டும். நீராவி இறங்கினால் நசுங்கிய நார் உப்பி எழும்; அறுந்த நார் எழாது. நுனியில் உள்ள பித்தளை வளையத்துக்குச் சூடு போனால் பசை இளகிவிடும் என்பதால், அந்தப் பக்கமே போகவில்லை. மூன்று முறை வைத்தேன். ஒரு நாள் காயவிட்டு, மிக நைசான உப்புத்தாளால் இழைவாக்கில் லேசாக ஒரு தடவு. நூலளவு மட்டும் மிச்சம் இருந்தது.

தீபாவளிக்கு வந்த அண்ணன் கியூவில் விரலை ஓட்டினார். சரியாக அந்த இடத்தில் நின்றது.

"எங்க இடிச்ச?"

"கார் கதவுல, அண்ணா."

"நல்லாத்தான் எடுத்திருக்க," என்றபடி சாக்கைத் தேடினார்.