பத்தாம் திகதிக் காசு

வங்கியில் ஒரு தரம் எழுதிக் கொடுத்துவிட்டால் காசு தன்பாட்டில் போகும், தன்பாட்டில் வரும் என்று நானும் நம்பியிருந்தேன். ஏழு மாதம் அப்படித்தான் நடந்தது. எட்டாம் மாதம் நின்றது. நின்றது என்று எங்களுக்குத் தெரியவர மேலும் மூன்று மாதம் சென்றது. அந்த மூன்று மாதத்தில் நான் என் பிள்ளைக்குச் சொன்ன ஒரு சொல்லைத் திரும்ப எடுக்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு மூன்று கணக்குகள். மகள் கட்டுநாயக்காவில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அவளுடைய சம்பளக் கணக்கு ஒரு வங்கியில். என்னுடைய சேமிப்புக் கணக்கு முல்லைத்தீவில் வேறொரு வங்கியில். வவுனியாவில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகனுக்கும் என் வங்கியிலேயே ஒரு கணக்கு. ஒவ்வொரு மாதமும் பத்தாம் திகதி மகளின் கணக்கிலிருந்து எனக்கு 20,000 ரூபா வரும். பன்னிரண்டாம் திகதி அதில் 10,400 ரூபா கோழிக்கூட்டுக் கடனுக்குப் போகும். பதின்மூன்றாம் திகதி 5,000 ரூபா மகனுக்குப் போகும். மிச்சம் 4,600 ரூபா எனக்கும் கோழிகளுக்கும். இதற்கு நிலையியற் கட்டளை என்று பெயர். ஸ்ராண்டிங் ஓடர் என்றால்தான் கவுண்டரில் விளங்கும். இன்ன திகதியில் இவ்வளவு காசை இந்தக் கணக்குக்கு மாற்று என்று நாங்கள் வங்கிக்கு எழுதிக் கொடுக்கும் கட்டளை.

கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் நுண்கடன்காரருக்குப் பயந்துதான் நான் வங்கிக் கடனுக்குப் போனேன். எங்கள் ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் எனக்குப் பிணை நின்றார்கள்.

முதல் மாதம் காசு வராதபோது, சம்பளம் பிந்தியிருக்கும் என்று நினைத்தேன். பிள்ளையிடம் கேட்கவில்லை. கேட்டால் அது தன் சாப்பாட்டைக் குறைத்து அனுப்பும். முட்டைக் காசையும் கைமாற்றாக வாங்கிய காசையும் சேர்த்துத் தவணையைக் கையால் கட்டினேன், ஒன்பது நாள் பிந்தி. இரண்டாம் மாதம் தோட்டை அடைவு வைத்தேன். மூன்றாம் மாதம் வைப்பதற்கு ஒன்றும் இல்லை. பிணை நின்ற அக்காவுக்கு வங்கியிலிருந்து போன் போனது. அவ என் வாசலில் வந்து நின்று ஒன்றும் பேசாமல் கோழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றா. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அன்றிரவு மகளுக்குப் போன் எடுத்தேன். கட்டுநாயக்காவுக்குப் போன பிள்ளைகளைப் பற்றி ஊரில் என்னென்ன கதைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நான் அந்தக் கதைகளை நம்புகிறவள் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் வாயில் அதுதான் வந்தது.

"மூண்டு மாசமாக் காசில்லை. ஆருக்கு அள்ளிக் குடுக்கிறாய்?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அம்மா, பத்தாம் திகதி காசு வரேல்லையோ?" என்று கேட்டாள். அவளது குரலைக் கேட்டதும் எனக்கு விளங்கிவிட்டது.

அடுத்த நாள் காலை நான் என் வங்கிக்குப் போனேன். பாஸ் புத்தகத்தைக் கொண்டுபோய் நீட்டுவதுதான் எனக்குத் தெரிந்த வழி. 2009 இல் முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியே வரும்போது கையில் மிஞ்சியது அடையாள அட்டையும் பொலித்தீனில் சுற்றிய பாஸ் புத்தகமும்தான். அன்றிலிருந்து அச்சடித்த தாளைத்தான் நம்புவேன். அங்கிருந்த பிள்ளை புத்தகத்தில் பதிந்து தந்துவிட்டு, "அம்மா, இங்க காசு வந்து சேரவே இல்லை. அனுப்புற வங்கியிலதான் கேக்க வேணும். ஒருத்தற்ற கணக்கை மற்ற வங்கி பாக்கேலாது" என்றாள். என் கணக்கில் காசு இல்லாததால் கடன் கட்டளையும் மகனின் கட்டளையும் தவறியிருந்தன. தவறிய ஒவ்வொன்றுக்கும் கட்டணமும் கழித்திருந்தார்கள்.

மகள் அரை நாள் லீவு போட்டுத் தன் வங்கிக்குப் போனாள். அங்கே எல்லாம் வெளித்தது. முன்பு சம்பளம் எட்டாம், ஒன்பதாம் திகதியில் ஏறிவிடும். பிறகு பத்தாம் திகதி பின்னேரம் ஏறத் தொடங்கியிருக்கிறது. கட்டளை ஓடுவதோ பத்தாம் திகதி விடியப்புறம். அந்த நேரம் அவளது கணக்கில் காசு இல்லை. பின்னேரம் காசு வந்தாலும் அந்த வங்கியில் மறுபடி முயற்சிப்பதில்லை. காசு போதாது என்று எஸ்.எம்.எஸ். அனுப்பியிருக்கிறார்கள். அது அவள் எப்போதோ கைவிட்ட பழைய சிம்முக்குப் போயிருக்கிறது. புது இலக்கத்தை எல்லோருக்கும் கொடுத்தவள் வங்கிக்குக் கொடுக்கவில்லை. கணக்கில் காசு கூடுதலாகக் கிடந்ததைக் கண்டு, மேலதிக நேர வேலைக்காசு என்று நினைத்து, தாய்க்கு ஒப்பரேஷன் என்று அழுத போர்டிங் சிநேகிதிக்குக் கைமாற்றாகக் கொடுத்திருக்கிறாள். அதனால் அடுத்த பத்தாம் திகதியும் காசு போதவில்லை. மூன்று தரம் தொடர்ந்து தவறினால் கட்டளையை நிறுத்துவோம் என்று படிவத்தின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்ததாம். நிறுத்திவிட்டார்கள்.

மகனும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவுக்கு என்ன கஷ்டமோ என்று மத்தியானச் சாப்பாட்டை விட்டிருக்கிறான். மூன்று பேரும் மற்றவருக்கு நோகக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தோம். யுத்தம் எங்களுக்குப் பழக்கிய குணம் இது.

பிறகு செய்ததைச் சொல்கிறேன். மகள் கட்டளையைப் புதிதாக எழுதிக் கொடுத்தாள், பதின்மூன்றாம் திகதிக்கு. என் கட்டளைகளைப் பதினாறுக்கும் பதினேழுக்கும் தள்ளினேன். சம்பளத்துக்கும் கட்டளைக்கும் இடையில் இரண்டு மூன்று நாள் இருக்க வேண்டும். போயாவோ ஞாயிறோ குறுக்கே வந்தால் சில வங்கிகள் அடுத்த வேலை நாளில்தான் செய்யும், ஆகவே அதையும் கேட்டு வைத்தோம். தவறினால் மறுபடி எத்தனை தரம் முயற்சிப்பார்கள் என்று கேட்டு, படிவத்தின் பிரதியில் எழுதுவித்தேன். 20,000 ரூபா போக வேண்டுமென்றால் கணக்கில் 20,000 இருந்தால் போதாது. குறைந்தபட்ச மீதியும் கட்டணமும் அதற்கு மேலே நிற்க வேண்டும். இது எனக்குத் தெரியாது. இன்னொன்று: தவறிய தவணையைக் கையால் கட்டப் போகிறீர்கள் என்றால், கட்டளை பிறகு அதே தவணைக்கு மறுபடி எடுக்குமா என்று முதலில் கேளுங்கள். பக்கத்து வீட்டுத் தங்கச்சிக்கு இரண்டு தரம் போய், திரும்ப வாங்க ஒரு மாதம் அலைந்தா.

தண்ட வட்டிக்குத் தமிழிலேயே ஒரு கடிதம் எழுதினேன். கட்டளை தவறிய திகதிகள், நான் கையால் கட்டிய திகதிகள், பற்றுச்சீட்டுகளின் பிரதி எல்லாம் வைத்து முகாமையாளரின் கையில் கொடுத்தேன். என் பிரதியில் முத்திரை குத்தி வாங்கினேன். பாதியைத் தள்ளுபடி செய்தார்கள். கிளையில் தீராவிட்டால் மத்திய வங்கியில் 2020 இல் தொடங்கிய நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு எழுதலாம். ஆனால் முதலில் வங்கிக்கே எழுத்தில் முறையிட்டிருக்க வேண்டும். எனக்கு அவ்வளவு தூரம் போக வேண்டி வரவில்லை. பிந்திய தவணைகள் கடன் தகவல் பணியகத்தின் பதிவில் இருக்கும், அடுத்த கடன் கேட்கும்போது பார்ப்பார்கள் என்று அந்தக் கவுண்டர்ப் பிள்ளை சொன்னாள். பிணை நின்ற இருவரின் வீட்டுக்கும் நானே போய்ப் பாஸ் புத்தகத்தைத் திறந்து காட்டினேன்.

மகளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கருவாடும் புழுக்கொடியலும் பொதி செய்து பஸ்ஸில் கொடுத்துவிட்டேன். கிடைத்ததும் போன் எடுத்து, "கருவாட்டுக்கு உப்புக் கூட, அம்மா" என்றாள். மற்றதைப் பற்றி அவளும் பேசவில்லை. இப்போது பதின்மூன்றாம் திகதி பின்னேரம் ஆர் முந்துகிறோமோ அவர் போன் எடுப்போம். "வந்ததா?" "வந்தது." மகனுக்கும் பதினேழாம் திகதி அதே கேள்வி.

தோடு இன்னும் அடைவில்தான். ஐப்பசியில் மீட்டுத் தருகிறேன் என்கிறாள் மகள். சிநேகிதி பாதிக் காசைத் திருப்பித் தந்துவிட்டாளாம். அவளுடைய தாய்க்கு இப்போது சுகம்.