சேரனில் வந்த கம்ப்யூட்டர்!

ராத்திரி பதினோரு மணிக்கு மேல் திருப்பூர் ஸ்டேஷனில் சேரன் எக்ஸ்பிரஸ்ஸுக்காக நிற்பவர்களை, கையில் இருக்கும் மூட்டையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். அட்டைப்பெட்டி என்றால் எக்ஸ்போர்ட் கம்பெனி ஆள், சாம்பிள் கொண்டுபோகிறார். புடைத்த வெள்ளைச் சாக்கு என்றால் காதர்பேட்டையில் செகண்ட்ஸ் டி-ஷர்ட் வாங்கிப் போகிற வெளியூர் வியாபாரி. 2024 ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, நான் மட்டும் காலிப் பையோடு நின்றுகொண்டிருந்தேன்.

சீட்டு எடுத்த பணம் 65,000 ரூபாய். பணம் செல்போனுக்குள் பத்திரமாக இருந்தது. இருந்தாலும் பழக்க தோஷம், ராத்திரி பூரா சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனேன்.

எதற்கு இந்தப் பயணம்? கம்ப்யூட்டர் வாங்க. அதுவும் கடையில் ரெடிமேடாக இருப்பதை அல்ல. சாமான்களைத் தனித்தனியாக வாங்கி, வீட்டில் நானே பூட்டப் போகிற கம்ப்யூட்டர். அதுவும்... (இதைச் சொல்லும்போதுதான் வீட்டில் குரல் இறங்கிவிட்டது) கேம்ஸ் விளையாட!

அப்பா பனியன் கம்பெனியில் முப்பது வருஷமாக கட்டிங் மாஸ்டர். கத்தரி பிடித்த கை. பேச்சும் வெட்டாகத்தான் வரும்.

"வெளையாடறதுக்கு அறுபத்தஞ்சாயிரமா? அதுல ஒரு பழைய ஓவர்லாக் மெஷின் வாங்கிப் போட்டா ஜாப் ஒர்க்காவது எடுக்கலாம்."

மூன்று நாள் மௌனம். அம்மா நடுவில் புகுந்து பேச்சு வார்த்தை நடத்தியதில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. ஒரு வருஷத்துக்குள் ரிப்பேர் என்று வந்து நின்றால் கம்ப்யூட்டரை விற்க வேண்டும், ஓவர்லாக் மெஷின் வீட்டுக்கு வரும். ஆக, நான் ரயில் ஏறியது கம்ப்யூட்டர் வாங்க மட்டுமல்ல. மானத்தைக் காப்பாற்றவும்தான்.

கோயமுத்தூர் ஒரு மணி நேரப் பயணம், அங்கே கிடைக்காதா என்று கேட்பீர்கள். கிடைக்கும். மூன்று ஞாயிற்றுக்கிழமை காந்திபுரத்தில் ஏறி இறங்கி விலைப்பட்டியல் எல்லாம் வாங்கி வைத்திருந்தேன். ஆனால் கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்தவனுக்கு சென்னை ரிச்சி தெரு என்பது பழநி மாதிரி. ஒரு தடவையாவது நடந்துபோய்ப் பார்த்துவிட வேண்டும்.

கிளம்பும்போது அப்பா கேட்ட கேள்விதான் கடைசி வரை எனக்கு உதவியது. "ஆர்டர் என்னன்னு தெரியாம யாராச்சும் நூல் வாங்குவாங்களா? முதல்ல எதுக்கு வேணும்னு எழுதிக்க. அப்புறம் கடைக்குப் போ."

எழுதினேன். மானிட்டர் 24 அங்குலம், 1080பி. அந்தத் திரையில் கேம் திக்காமல் ஓட வேண்டும். அவ்வளவுதான் ஆர்டர். 4கே திரை வேண்டுமென்றால் கிராபிக்ஸ் கார்டு மட்டுமே என் சீட்டுப் பணத்தை முழுங்கியிருக்கும். திரைதான் கார்டைத் தீர்மானிக்கிறது. கார்டுதான் மற்ற எல்லாவற்றையும். இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்தவர்கள்தான் பிற்பாடு வருத்தப்படுகிறார்கள்.

சென்ட்ரலில் காலையில் இறங்கி, டிபன் முடித்து, கடை திறக்கும்வரை அண்ணா சாலையில் கால் கடுக்க நடந்தேன். ரிச்சி தெரு அந்தச் சாலையை ஒட்டி உள்ளே இருக்கிறது. தெரு என்று பெயரே தவிர நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று சுற்றுவட்டாரமே ஒரே கடைவீதி. ஒரு காலத்தில் ரேடியோ, டேப்ரிக்கார்டர் சாமான் விற்ற இடம். இப்போது சிசிடிவி கேமரா, செல்போன் டிஸ்ப்ளே, லேப்டாப் சார்ஜர், கம்ப்யூட்டர். ஆள் நடக்கிற சந்தில் மீன்பாடி வண்டியும் ஸ்கூட்டரும் எதிரெதிரே முட்டிக்கொண்டு நிற்கின்றன.

"என்ன வேணும் ஸார்? லேப்டாப்பா? கேமராவா? டிஸ்ப்ளே மாத்தணுமா? உள்ள வாங்க பாஸ்!"

எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. காதர்பேட்டையிலும் இதே கூப்பாடுதான். "டீ-ஷர்ட் வேணுங்களாண்ணா? டஜன் ரேட்டுங்ண்ணா!" அங்கே துணி, இங்கே தகடு. அந்த நிமிஷமே பயம் போய்விட்டது. காதர்பேட்டையில் ஏமாறாமல் வாங்கத் தெரிந்தவனை ரிச்சி தெருவில் ஏமாற்றுவது கஷ்டம்.

முதல் கடையிலேயே பரீட்சை. "அறுபத்தஞ்சா? ஐ7 போட்டுத் தர்றேன் தலைவா!"

ஐ7! கேட்கும்போதே இனிக்கிறது. ஆனால் "எத்தனாவது ஜெனரேஷன்?" என்று கேட்டதும் அவர் குரல் தாழ்ந்தது. நாலாவது. 2013-ல் வந்த சரக்கு! விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாவது தலைமுறையோ அதற்கு மேலோ இருந்தால்தான் பெரும்பாலும் முறைப்படி அனுமதி. '100% காட்டன்' என்று லேபிள் தைத்துவிட்டால் துணி காட்டன் ஆகிவிடுமா என்ன? ஒரு பெரிய கும்பிடு போட்டு வெளியே வந்தேன்.

இன்னொரு இடத்தில் பாதி விலைக்கு கிராபிக்ஸ் கார்டு காட்டினார்கள். பளபளவென்றுதான் இருந்தது. 2021 வாக்கில் கிரிப்டோ நாணயம் எடுக்கிறேன் என்று உலகம் பூரா இந்தக் கார்டுகளை ராத்திரி பகலாக ஓட்டினார்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் தன் முறையையே மாற்றிக்கொண்டதும் அந்த வேலை நின்றது. ஓடிக் களைத்த கார்டுகள் சந்தைக்கு வந்தன. எல்லாமே மோசம் என்று சொல்ல முடியாது. நம்மூர் செகண்ட்ஸ் மாதிரிதான். ஒரு தையல் விட்டுப்போன நல்ல சட்டையும் இருக்கும், முதுகில் ஓட்டையும் இருக்கும். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். கார்டை எப்படிப் பார்ப்பது? ஒரு வருஷ ஒப்பந்தத்தில் மாட்டியிருப்பவன் செகண்ட்ஸ் வாங்கக்கூடாது.

மூன்றாவது கடைக்காரர் நிதானமானவர். என் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு, "எழுதிட்டு வந்திருக்கீங்களே, பாதி வேலை முடிஞ்சுது" என்றார். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

புராசஸர் ஏ.எம்.டி. ரைஸன் 5 5600, கூலர் ஃபேனோடு 11,500. மதர்போர்ட் பி450, 6,000. இங்கே ஒரு சூட்சுமம். பி450 போர்டு 2018-ல் வந்தது, இந்த புராசஸர் 2022-ல் வந்தது. சாக்கெட் ஒன்றேதான் என்றாலும் போர்டில் பயாஸ் பழசாக இருந்தால் புராசஸரை அடையாளம் தெரியாது. "பயாஸ் அப்டேட் பண்ணிக் குடுத்துடறேன்" என்று அவரே செய்து கொடுத்தார். 24 கேஜ் மெஷினுக்கு 18 கேஜ் ஊசி வாங்கிப் போகிற கதை எங்கள் ஊரில் நிறைய உண்டு. கம்ப்யூட்டரில் பொருள் நல்லதா என்பது இரண்டாவது கேள்வி. ஒன்றுக்கொன்று பொருந்துமா என்பதுதான் முதல் கேள்வி.

ராம் 16 ஜி.பி., ஒரே குச்சியாக அல்ல, எட்டு எட்டாக இரண்டு. 3,200 ரூபாய். இரட்டை மாட்டு வண்டி மாதிரி இரண்டும் சேர்ந்து இழுக்கும். எஸ்.எஸ்.டி. ஒரு டி.பி., 5,500. கிராபிக்ஸ் கார்டு ஆர்.எக்ஸ். 6600, 20,500. மானிட்டர் 9,500. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு கார்டுக்கே போய்விட்டது. கேம் விளையாடுகிற கம்ப்யூட்டரில் அப்படித்தான் போக வேண்டும்.

அடுத்து கேபினெட். கண்ணாடிப் பக்கம், உள்ளே ஏழு கலரில் விளக்கு, ஆயுதபூஜைக்கு சீரியல் செட் போட்ட கம்பெனி மாதிரி ஒன்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தது. மனசு ஆடிப்போய்விட்டது. ஆனால் எங்கள் வீடு 15 வேலம்பாளையத்தில் ஒரு நிட்டிங் யூனிட்டுக்கு மாடியில். கீழே மெஷின் சுற்றச் சுற்ற பஞ்சு மேலே வரும். ஜன்னல் கம்பி, ஃபேன் இறக்கை, சாமி படம், எல்லாவற்றிலும் வெள்ளையாகப் படியும். கம்ப்யூட்டரோ உள்ளே ஃபேன் வைத்து காற்றை இழுக்கிற ஜந்து. காற்றோடு பஞ்சையும் இழுத்தால் மூச்சு முட்டிச் சூடாகிச் சாகும். ஆகவே விளக்கைத் துறந்தேன். முன்பக்கம் சல்லடை, கழற்றி அலசிப் போடும் தூசி வடிகட்டியோடு 3,600-க்கு ஒரு கறுப்புப் பெட்டி.

கடைசியில் எஸ்.எம்.பி.எஸ். அதாவது கரண்டை வாங்கி உள்ளே எல்லோருக்கும் பந்தி பரிமாறும் டப்பா. 1,200 ரூபாய்க்கும் இருக்கிறது, 4,000 ரூபாய்க்கும் இருக்கிறது. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றே. உள்ளே போய்விட்டால் கண்ணுக்கே தெரியாது. 2,800 ரூபாய் மிச்சம் பிடித்து அந்த ஏழு கலர் விளக்கைக் கூட்டிப் போய்விடலாமா என்று ஒரு சபலம்.

அப்போது ஆபீஸ் நண்பன் ஞாபகம் வந்தது. அவன் அப்படித்தான் மிச்சம் பிடித்தான். மழைக்கால ராத்திரி ஒன்றில் கரண்டு போய்ப் போய் வந்தது. மூன்றாவது தடவை வந்தபோது 'டப்' என்று ஒரு சத்தம், கருகின வாசனை. டப்பா தனியாகப் போகவில்லை, மதர்போர்டையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போனது.

அப்பாவுக்கு போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் யோசிக்கவே இல்லை.

"துணி எவ்வளவு ஒசத்தியா இருந்தாலும் தையல் நூல் மட்டமா இருந்தா பீஸ் பிரிஞ்சு போயிரும் கண்ணு. நூல்ல எட்டணா மிச்சம் பண்ணப்போயி மொத்த சரக்கும் திரும்பி வந்தத நான் பாத்திருக்கறேன். கண்ணுக்குத் தெரியாத எடத்துலதான் கை தாராளமா இருக்கோணும்."

550 வாட், '80 பிளஸ் பிரான்ஸ்' முத்திரை போட்டது வாங்கினேன். புராசஸருக்கு 65, கார்டுக்கு 132, மற்றவற்றையும் சேர்த்தாலும் முந்நூறைத் தாண்டாது, தாராளம். அந்த முத்திரை, பாதிச் சுமையில் வாங்கும் கரண்டில் சுமார் 85 சதவிகிதத்தை உபயோகமாகத் தரும் என்பதற்கு மட்டுமே அத்தாட்சி. ஆயுசுக்கு அத்தாட்சி அல்ல. அதனால் வாரண்டி எத்தனை வருஷம் என்றும் பார்த்து வாங்கினேன்.

தெருவில் இன்னொரு வலையும் உண்டு. "பில் வேணாம்னா 18 பர்சென்ட் குறையும் ஸார்." குறையும்தான். நாளைக்குப் பழுதானால் வாரண்டி கேட்கப் போகிற இடத்தில் முதலில் கேட்பதே அந்தக் காகிதத்தைத்தான். பில்லோடு 63,800. கோவை விலையைவிட 2,100 குறைவு. ரயில், ஆட்டோ, பிரியாணி எல்லாம் 1,200. நிகர லாபம் 900 ரூபாய்! ராத்திரி அதே சேரனில் இரண்டு பெரிய பெட்டியோடு ஏறியபோது எதிர் பெர்த்காரர் கேட்டார்: "எக்ஸ்போர்ட் ரிட்டனுங்களா தம்பி?"

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் பாய் விரித்து வேலையை ஆரம்பித்தேன். உடம்பில் ஏறும் நிலைமின்சாரம் சில்லுகளுக்கு ஆகாது, பாலியஸ்டரைக் கழற்றிவிட்டு காட்டன் பனியனோடு உட்கார்ந்தேன் (நம்மூரில் அதற்கா பஞ்சம்!). அடிக்கடி கேபினெட் இரும்பைத் தொட்டுக்கொண்டேன். நாலு மணி நேரம். அம்மா இரண்டு தடவை காபி கொடுத்தாள். சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. திரை... இருட்டு!

வியர்த்துவிட்டது. கண் முன்னால் ஓவர்லாக் மெஷின் ஓட ஆரம்பித்தது. ராமைக் கழற்றி மாட்டினேன். கார்டைக் கழற்றி மாட்டினேன். இருட்டு. அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்தார். கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாதவர், பின்பக்கம் குனிந்து பார்த்தார்.

"படத்தை எந்த டப்பா ஓட்டுது?"

"கிராபிக்ஸ் கார்டுங்ப்பா."

"அப்ப ஒயரை எதுக்கு வேற எடத்துல சொருகி வச்சிருக்கறே?"

மானிட்டர் ஒயரை மதர்போர்டில் சொருகியிருக்கிறேன்! இந்த புராசஸருக்குள் கிராபிக்ஸ் கிடையாது. அந்த ஓட்டையில் படம் எப்படி வரும்? மாற்றிச் சொருகினேன். வந்தது.

2025 கடைசியில் ராம் விலை பல மடங்கு எகிறியது. ஏ.ஐ. சர்வர்களுக்கே தயாரிப்பாளர்கள் சரக்கைத் திருப்பிவிட்டார்களாம். நான் 3,200-க்கு வாங்கிய கதையைச் சொன்னால் ஆபீஸில் பெருமூச்சு விடுகிறார்கள். அப்பாவுக்கு ஆச்சரியமே இல்லை. 2022 மே மாதம் நூல் விலை ஏற்றத்துக்காக திருப்பூரே வேலை நிறுத்தம் செய்ததைப் பார்த்தவர். "ஏறுனா எறங்கும். ஆர்டர் கையில இருந்தா வாங்கு, இல்லீன்னா பொறு" என்றார்.

ஒரு வருஷக் கெடு முடிந்துவிட்டது. ரிப்பேர் இல்லை. காரணம் நான் அல்ல. மாதம் ஒரு ஞாயிறு, வடிகட்டியைக் கழற்றி, பெயிண்ட் பிரஷ்ஷால் பஞ்சைத் தட்டுவது அப்பாதான். போன தீபாவளிக்கு முன்னால் மெதுவாகக் கேட்டார்: "இதுல மார்க்கர் போடற சாஃப்ட்வேர் ஓடுமா கண்ணு?"

ஓடியது. வெண்ணெய் மாதிரி ஓடியது. இப்போது கம்பெனி விட்டு வந்ததும் துணியில் பீஸ் எப்படி அடுக்கினால் வேஸ்ட் குறையும் என்று அவர் திரையில் அடுக்கிக்கொண்டே இருக்கிறார். கேம்ஸ் விளையாட வாங்கிய கம்ப்யூட்டரில் எனக்குக் கிடைத்திருப்பது ராத்திரி பத்து மணிக்கு மேல்...

நைட் ஷிஃப்ட்!