சாம்புவும் ஒரு மாங்காய்ப் பூட்டும்

இங்கிலாந்தின் ஸ்கை ஒன் தொலைக்காட்சியில் 2012 முதல் 2014 வரை ‘எ டச் ஆஃப் கிளாத்’ என்றொரு தொடர் வந்தது. சார்லி புரூக்கரும் டேனியல் மேயரும் எழுதியது. துப்பறியும் தொடர்களில் வழக்கமாக வரும் சோகமே உருவான அதிகாரியையும் அவரது கனத்த வசனங்களையும் கேலி செய்வதே அதன் வேலை. திண்டுக்கல்லில் ஒன்றாகப் படித்த நாங்கள் மூவரும் அண்மையில் அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்தபின் பேச்சு இயல்பாகவே தேவனிடம் வந்து நின்றது.

வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஜே.ஆர்.ரங்கராஜுவும் வளர்த்துவிட்ட மகாபுத்திசாலித் துப்பறிவாளர்களைப் படித்துப் பழகிய தமிழ் வாசகர்முன், 1940களில் ஆனந்த விகடன் வழியாகச் சாம்புவைக் கொண்டுவந்து நிறுத்தினார் தேவன். வங்கி வேலை போன ஒரு அசட்டுக் குமாஸ்தா. அவர் தடுக்கி விழுந்த இடத்தில் திருடன் அகப்படுகிறான். இன்ஸ்பெக்டர் கோபாலன் அதை மேதைமை என்று நம்புகிறார். பிரிட்டிஷ் தொடர் கேலி செய்வது ஒரு கலைவடிவத்தை. தேவன் கேலி செய்வதோ, அறிவாளி ஒருவன் வேண்டும் என்று ஏங்கும் நம்மைத்தான் என்று தோன்றுகிறது. தூர்தர்ஷனில் காத்தாடி ராமமூர்த்தி சாம்புவாக வந்தபோது இதெல்லாம் எங்களுக்குப் புரியவில்லை. நாங்கள் சாம்புவைப் பார்த்தே துப்பறியப் புறப்பட்டவர்கள்!

எங்கள் தெருவில் ஒரு பூட்டுப் பட்டறை இருந்தது. ஒருநாள் அங்கே புதிதாகச் செய்துவைத்த மாங்காய்ப் பூட்டொன்று காணாமற்போனது. எங்களுக்கு அப்போது பன்னிரண்டு வயது. எண்ணெய்க் கறைகளைப் பார்த்தோம், அரத்தூளில் பதிந்த கால்தடத்தை அளந்தோம், எடுபிடிப் பையன் அன்று சீக்கிரம் போனதைக் குறித்துக்கொண்டோம். பிறகு உரிய தோரணையுடன் முதலாளியிடம் முடிவை அறிவித்தோம். அவர் எங்களைப் பாராட்டவில்லை. அந்தப் பையனைக் கூப்பிட்டுக் கன்னத்தில் அறைந்தார். அவன் எங்கள் வயதுதான். அழவில்லை, எங்களை ஒருமுறை பார்த்தான், அவ்வளவே.

நான்காம் நாள் பழைய சாக்குக் குவியலை உதறியபோது பூட்டு விழுந்தது. “துப்பறிஞ்சது போதும், போங்கடா” என்றார் முதலாளி. பையன் அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தான்.

சாம்புவின் உலகில் தவறான யூகமும் சரியான திருடனிடமே கொண்டுபோய் விடும். அந்தக் கருணை தேவனுடையது. எங்கள் பட்டறைக் கதையை எழுத அப்படி ஒரு தேவன் இல்லை. இத்தனை ஆண்டுகளில் சாம்புவை எத்தனையோ முறை படித்துவிட்டோம். கோபாலன் சாம்புவின் கையைக் குலுக்கும் இடங்களில் மட்டும் எங்கள் மூவரில் யாராவது ஒருவர் பக்கத்தை அவசரமாகத் திருப்பிவிடுகிறோம். அந்தப் பையனின் பெயரை நினைவுபடுத்திக்கொள்ள அன்றிரவு வெகுநேரம் முயன்றோம். மூவருக்கும் வரவில்லை.